நட்டம் இறங்கும் திசை

1979இல் வங்கதேசத்திலிருந்து 130 பேர் தென்கொரியாவின் புசான் நகருக்குத் தொழில் பழகப் போனார்கள். நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி ‘தேஷ் கார்மென்ட்ஸ்’ என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். கொரியாவின் தேவூ நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. தேவூவுக்கு வங்கதேசத்தின் மேல் தனிப் பிரியம் ஏதுமில்லை. பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளைக் காப்பாற்றிக்கொள்ள 1974 முதல் துணி இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன. கொரியாவின் கை கட்டப்பட்டிருந்தது. வங்கதேசத்துக்குக் கட்டுப்பாடே இல்லை, ஏனென்றால் கட்டுப்படுத்தும் அளவுக்கு அங்கிருந்து சட்டைகள் போய்க்கொண்டிருக்கவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் உலகமயம் வங்கதேசத்துக்குள் நுழைந்தது.

தேஷ் முதல் ஆண்டில் ஏற்றுமதி செய்தது 43,000 சட்டைகள். மதிப்பு 55,000 டாலர் அளவில். பெரிய தொகையல்ல. ஆனால் புசானுக்குப் போய்வந்த 130 பேரில் 115 பேர் 1980களில் தேஷை விட்டு விலகினார்கள். பலர் சொந்தமாகக் கம்பெனி போட்டார்கள், மற்றவர்கள் புதுக் கம்பெனிகளை நடத்திக் கொடுத்தார்கள். வெளிநாட்டு பையர் திறக்கும் எல்.சி.யையே, அதாவது வங்கியின் கடன் உறுதிக் கடிதத்தையே, ஈடாகக் காட்டித் துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறக்கும் ஏற்பாடும் வந்தது. முதல் இல்லாதவனும் முதலாளியாக அது வழிசெய்தது. இன்று அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடை. 40 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், அதில் பெரும்பகுதி பெண்கள்.

உலகமயத்தை ஆதரிப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். எதிர்ப்பவர்கள் 2013 ஏப்ரல் 24ஆம் தேதியிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் விழுந்து 1,134 பேர் செத்தார்கள். இந்த இரண்டு கதைகளில் எது உண்மை என்று கேட்பதில் பயனில்லை. இரண்டும் ஒரே கதையின் பகுதிகள். வேலை எந்த வழியாக வந்தது என்பதற்கும், நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதற்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதே என் நோக்கம்.

நன்மையை முதலில் ஒப்புக்கொண்டு விடலாம். ரேச்சல் ஹீத், அகமது முஷ்பிக் மொபாரக் என்ற இரு பொருளியலாளர்கள் டாக்காவைச் சுற்றியுள்ள 60 கிராமங்களை ஆராய்ந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் தூரத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் பள்ளியில் இருந்தார்கள்; கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின. எண்ணவும் எழுதவும் தெரிந்தவளுக்குக் கம்பெனியில் நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோருக்குத் தெரிந்ததும் படிக்க வைத்தார்கள். எந்த அரசுப் பிரச்சாரமும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்திருக்காது. தொழிற்சாலைக் கூலியை வெறும் சுரண்டல் என்று மேடையில் முழங்கும் தோழர்கள், பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் அந்தப் பெண் ஏன் கிராமத்துக்குத் திரும்பவில்லை என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

உலக அளவிலும் வறுமை குறைந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் எவ்வளவு குறைந்தது என்பது எந்தக் கோட்டைப் போட்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. 2022ஆம் ஆண்டுக்குச் சொல்லப்பட்டிருந்த 71 கோடி ஏழைகள் ஒரே அறிக்கையில் 84 கோடியானார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்தும் ஒரு காசு குறையவில்லை. வாஷிங்டனில் ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். இந்தப் புதிய கோட்டின்படியே 1990இல் 200 கோடிக்கு மேல் ஏழைகள் இருந்தார்கள். குறைந்தவர்களில் பெரும்பகுதி சீனர்கள். சீனா உலகச் சந்தைக்குள் நுழைந்தது உண்மை. ஆனால் நிலத்தை முதலில் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பள்ளியும் மருத்துவமும் ஓரளவு எட்டிய மக்களோடு, மூலதனத்தின் கடிவாளத்தை அரசே கையில் வைத்துக்கொண்டு நுழைந்தது. அந்த வெற்றியைச் ‘சந்தையின் வெற்றி’ என்ற கணக்கில் மட்டும் எழுதுவது வசதியான மறதி.

1997இல் பொருளியலாளர் பால் குரூக்மன், குறைந்த கூலி வேலையை இகழ வேண்டாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கையில் உள்ள மாற்று அதைவிட மோசம் என்பது அவர் வாதம். இந்த வாதத்தைக் களத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் இருவர், கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டீபன் டெர்கான். இடம் எத்தியோப்பியா. ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பித்த சுமார் ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கினருக்கு ஆலை வேலை. இன்னொரு பங்கினருக்குச் சுமார் 300 டாலர் பணமும் சிறு பயிற்சியும். மூன்றாவது பங்கினருக்கு எதுவுமில்லை. ஆலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார். ஆண்டு முடிவதற்குள் 77 சதவீதம் பேர் வெளியேறிவிட்டார்கள். ஆலை வேலை அவர்கள் வருமானத்தைக் கூட்டவில்லை, உடம்பைக் கெடுத்தது. பணம் வாங்கியவர்களோ காய்கறி விற்றார்கள், சிறு வியாபாரம் பார்த்தார்கள், விவசாயம் செய்தார்கள். வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. தாங்கள் ஆலைகளைப் பற்றி நம்பியிருந்தது தவறு என்று ஆய்வாளர்களே செய்தித்தாளில் எழுதினார்கள்.

இந்த ஆய்வை இடதுசாரி நண்பர்கள் இந்த இடம்வரை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவதுண்டு. ஐந்து ஆண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி தேடிப் போனபோது, மூன்று பங்கினருக்கும் இடையே பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பணம் வாங்கியவர், ஆலைக்குப் போனவர், எதுவும் கிடைக்காதவர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஒரு மனிதனுக்கு வேலையோ முதலோ ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அவனைச் சுற்றியுள்ள ஊரின் நிலை அவனை மெல்லத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. எனக்கு இந்த இரண்டாம் பகுதிதான் முக்கியம்.

அதே எத்தியோப்பியாவில் அவாசா என்ற ஊரில் 2016இல் ஒரு பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று 2019இல் நியூயார்க் பல்கலைக்கழக அறிக்கை ஒன்று பதிவு செய்தது. வங்கதேசத்தில் அப்போது 95 டாலர். ஆடை உலகில் எத்தியோப்பியாவைவிடக் குறைந்த சம்பளம் அன்று எங்கும் இல்லை. அந்த 26 டாலரும் நிலைக்கவில்லை. திக்ரே போரில் நடந்த மனித உரிமை மீறல்களுக்காக அமெரிக்கா 2022 ஜனவரி முதல் எத்தியோப்பியாவின் வரிச்சலுகையை எடுத்துவிட்டது. அங்கிருந்த அமெரிக்க ஆடை நிறுவனமான பி.வி.எச். அதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டது. போரை நடத்தியவர்களுக்கு விதித்த தண்டனை, ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

துணிக்கு எல்லையைக் கடக்க அனுமதி உண்டு, தைத்தவளுக்கு இல்லை. உலக மக்களிடையே உள்ள வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேல், ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று பொருளியலாளர் பிராங்கோ மிலானோவிச் கணக்கிட்டுக் காட்டினார். உழைப்பு, படிப்பு, சாமர்த்தியம் எல்லாம் மீதியில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியவை. உண்மையிலேயே வறுமையை ஒழிக்கும் உலகமயம் ஒன்று உண்டென்றால் அது மனிதர்களை நடமாட விடுவதுதான். ஆட்களே வேலை தேடிப்போகும் அந்த நடமாட்டம் நாட்டுக்குள் ஓரளவு நடக்கவும் செய்கிறது: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் ரயில் ஏறித் திருப்பூருக்கு வருகிறார்கள், பாஸ்போர்ட் இல்லாமல். அவர்களைப் பற்றி நம் ஊரில் பேசப்படும் பேச்சு, ஐரோப்பாவில் நம்மைப் பற்றிப் பேசப்படும் பேச்சிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

ஆள் நகர முடியாது, ஆர்டர்தான் நகரும் என்ற ஏற்பாட்டில் பேரம் எப்படி நடக்கும் என்பதை 2020 மார்ச் மாதம் எல்லோருக்கும் பாடமாக நடத்திக் காட்டியது. கொரோனாவால் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகள் மூடின. உடனே பிராண்டுகள் ஆர்டர்களை ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல். புதிதாகக் கொடுக்க இருந்த ஆர்டர்களை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நிறுத்தியது வெட்டித் தைத்து முடித்த சரக்கையும் சேர்த்து. மார்க் ஆனர் என்ற ஆய்வாளர் வங்கதேச உற்பத்தியாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ரத்து செய்த பையர்களில் 72 சதவீதம் பேர் ஏற்கனவே வாங்கிய துணிக்குப் பணம் தர மறுத்தார்கள். 91 சதவீதம் பேர் தையல் செலவைத் தர மறுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலையிழந்தார்கள், அல்லது வேலையின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? பழைய எல்.சி. முறையில் சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான காகிதத்தைக் காட்டினால் வங்கி பணம் தந்தாக வேண்டும். அந்த முறை பல இடங்களில் ஒழிந்து, சரக்கு போய்ச்சேர்ந்து அறுபது, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் என்ற முறை வந்துவிட்டது. பருத்தி, நூல், சாயம், தையல், அயர்னிங், கப்பல் வாடகை எல்லாவற்றுக்கும் ஏழை நாட்டுக் கம்பெனி கைக்காசு போட்டிருக்கும். பணக்கார நாட்டுக் கடைக்காரர் சரக்கை விற்ற பிறகு பணம் தருவார். ஆக, கடன் கொடுப்பது டாக்காவும் திருப்பூரும். கடன் வாங்குவது ஐரோப்பாவும் அமெரிக்காவும். மூலதனம் பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் பாயும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் வாழ்க்கையில் அது தலைகீழாக ஓடுகிறது. மேலே இருப்பவன் தும்மினால் கீழே இருப்பவனுக்குச் சளி பிடிப்பது இயற்கையின் விதியல்ல; ஒப்பந்தத்தில் எழுதி வைத்த விதி.

திருப்பூருக்கு இதையெல்லாம் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே ஆர்டரின் மூச்சில் இயங்குகிறது. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட்; இல்லையென்றால் ஞாயிறு, திங்கள் என்று நீளும் விடுமுறை. பலருக்குக் கூலி பீஸ் ரேட் என்பதால் விடுமுறைக்குச் சம்பளமில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊரில் அமெரிக்காவுக்குப் போகும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆடிப்போனது. அதில் பாதி வரிக்குக் காரணம் இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவது என்றார்கள். எண்ணெய் மலிவாக வாங்கியவர்கள் ஒருபக்கம், கைமடிக்கும் பெண் மறுபக்கம். இடையில் எந்த உறவும் கிடையாது. பையர் தள்ளுபடி கேட்டார், முதலாளி ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைக்கப் பார்த்தார், அரசு பருத்தி இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. செக்கிங் மேசையில் நிற்பவளுக்கு நீக்கித்தர யாரிடமும் எதுவும் இல்லை.

இந்த ஊரின் முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி என்ற புவியியலாளர் 2004இல் ஒரு நூல் எழுதினார். கொங்கு நாட்டு விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கூலியாக வந்தவர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பது அதன் பொருள். தங்கள் உயர்வுக்குக் காரணம் உழைப்பு ஒன்றே என்று அவர்கள் அவரிடம் சொன்னார்கள். உழைத்தார்கள், சந்தேகமில்லை. நிலமும் சாதிச் சொந்தமும் கொடுத்த கைமாற்றும் கூட இருந்தது. அது இல்லாத தலித் தொழிலாளிக்கும் ஒடிசா இளைஞனுக்கும் அதே உழைப்பு அதே பலனைத் தரவில்லை. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் இந்த ஊர் கண்ட மிகப் பெரிய பேரம். அதற்குப் பிறகு வேலை சிறு சிறு யூனிட்களாகவும் காண்ட்ராக்டர்களாகவும் சிதறியது. யாரிடம் பேரம் பேசுவது என்பதே தெரியாமல் போனது. நொய்யல் ஆறும் கணக்கில் உண்டு. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டுச் சாயத்தண்ணீர்த் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே கழிவைச் சுத்திகரிக்கும் செலவு துணியின் அடக்கவிலையில் முழுதாக ஏறியது. அதுவரை அந்தச் செலவைத் தென்னையும் மஞ்சளும் போட்டவன் தன் கிணற்றில் ஏற்றுக்கொண்டிருந்தான்.

நட்டம் இறங்கும் இந்தத் திசையை மாற்ற முடியுமா? முடிந்த இடங்கள் உண்டு. ராணா பிளாசாவில் இடிவதற்கு முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. தையல் தொழிலாளிகளை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச்சொன்னார்கள். வங்கி ஊழியர் வர வேண்டியிருக்கவில்லை, தையல் தொழிலாளிகளால் மறுக்க முடியவில்லை. வித்தியாசம் அதுதான். தன்னார்வத் தணிக்கைகள் பல அதற்கு முன்பும் நடந்தன, அவை எதையும் காப்பாற்றவில்லை. இடிந்த சில வாரங்களில் கையெழுத்தான ‘அக்கார்ட்’ ஒப்பந்தம் வேறு மாதிரியானது. சங்கங்களும் பிராண்டுகளும் சமமாகக் கையெழுத்திட்டன, 200க்கு மேற்பட்ட பிராண்டுகள், 1,600 அளவில் ஆலைகள், சரிசெய்யாத ஆலைக்கு ஆர்டர் கிடையாது, சரிசெய்யப் பணம் கிடைப்பதை பிராண்டு உறுதிசெய்ய வேண்டும், மீறினால் வழக்கு. வால்மார்ட்டும் கேப்பும் சேர மறுத்து, கட்டுப்பாடு தளர்ந்த தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கின. சேர்ந்தவர்களில் ஒரு நிறுவனத்தைச் சங்கங்கள் தி ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. 2018 ஜனவரியில் அது 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு ஏழை நாட்டுத் தொழிலாளியின் சார்பில் ஒரு பன்னாட்டு பிராண்டை அங்கே நிறுத்த முடிந்ததற்குக் காரணம், முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒரு வாசகம்.

நம் பக்கத்தில் திண்டுக்கல். 2021 ஜனவரியில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தலித் பெண்கள் தலைமை தாங்கும் சங்கம். இரங்கல் கூட்டத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் ஏற்பட்டது, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. பாலியல் தொல்லை, சாதி இழிவு பற்றிப் புகார் சொல்லத் தொழிலாளிகளிலிருந்தே லைனுக்கு லைன் கண்காணிப்பாளர்கள். புகாரின் மேல் வரும் தீர்ப்பை நிர்வாகம் ஏற்காவிட்டால் பிராண்டு ஆர்டரைக் குறைக்க வேண்டும். நம் பக்கத்தில் ஆர்டர் என்ற சாட்டை முதன்முறையாகத் தொழிலாளியின் கைக்கு வந்தது. அக்கார்டில் சேர மறுத்த அதே கேப், ஒன்பது ஆண்டு கழித்து இங்கே கையெழுத்துப் போட்டிருப்பதையும் கவனிக்கலாம்.

ஒப்பந்தத்தோடு இன்னொரு பலமும் தேவை. அது கம்பெனிக்கு வெளியே இருக்கிறது. ரேஷன் அரிசி வீட்டில் இருந்தால் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்து பேரம் பேசலாம். பள்ளியில் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு உண்டென்றால் மேற்பார்வையாளர் கத்தும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். எத்தியோப்பிய ஆய்வின் ஐந்தாம் ஆண்டு முடிவை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: ஒருமுறை கொடுத்த பணம் கரைந்துவிடும், மாதா மாதம் வரும் அரிசி பேரபலமாகச் சேரும். ‘இலவசம்’ என்று ஏளனம் செய்யப்படும் பலவற்றை ஏற்றுமதித் தொழிலின் கண்ணுக்குத் தெரியாத கூலிக் கொள்கை என்றே சொல்ல வேண்டும். குறைந்தபட்சக் கூலியின் கதை அதற்கு நேர்மாறு: தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2004க்குப் பிறகு 2014இல்தான் அது திருத்தப்பட்டது, முதலாளிகள் வழக்குப் போட, 2016 ஜூலையில் நீதிமன்றம் அதை உறுதிசெய்யும்வரை தொழிலாளிக்கு அது காகிதம். பன்னிரண்டு ஆண்டுகள் விலைவாசி மட்டும் உலகமயமாகியிருந்தது.

திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வரி கூடும்போதும் ஆர்டர் ரத்தாகும்போதும் டெல்லிக்கு மனுவோடு போகிறீர்கள். பையரிடம் போவதில்லை, போனால் அடுத்த சீசன் ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விடும் என்ற பயம். தனித்தனியாகப் போனால் அது நியாயமான பயம்தான். டாக்காவில் பையரைக் கையெழுத்துப் போட வைத்தவை சங்கங்கள், முதலாளிகள் அல்ல. உங்கள் ஊரிலும் கூலி ஒப்பந்தம் முதலாளி அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் பல காலமாக வழக்கம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு பையிங் ஆபீஸ்களையும் அழையுங்கள். ரத்து செய்தால் துணிக்கும் தையலுக்கும் பணம், கூலி ஏறினால் அதே அளவு விலை ஏற்றம் என்ற இரண்டு வரிகளைச் சங்கங்களோடு சேர்ந்து கேளுங்கள். வர மறுப்பவர்களின் பெயரை வெளியிடுங்கள். சங்கத்தை எதிரியாக வைத்துக்கொண்டு பையரிடம் தனியாகப் பேரம் பேசி நீங்கள் இதுவரை வாங்கியது தள்ளுபடி கேட்கும் மின்னஞ்சல்கள் மட்டுமே.